கால் எந்த இடத்தில் போனது?

கிளிநொச்சிப் பக்கம் பரதநாட்டியம் படிப்பிக்கிறேன். போரில் காலை இழந்தவர்களும், காது கேளாத பிள்ளைகளும் வகுப்புக்கு வருகிறார்கள். "ரீச்சர், எனக்கு ஆட வருமா?" என்று ஒருவர் கேட்டால், கால் எந்த இடத்தில் போனது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். முழங்காலுக்குக் கீழே என்றால் அரைமண்டிக்கு, அதாவது முழங்காலை மடித்துப் பாதி தாழ்ந்து நிற்கும் நிலைக்கு, வழி இருக்கிறது, சொந்த முழங்கால் மடியும். ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால் வெறுங்காலோடு நடக்கவும் குந்தவும் தோதாகச் செய்யப்பட்டது, அதனால் தரையில் தட்டலாம். முழங்காலுக்கு மேலே என்றால் அரைமண்டியில் நிற்பது பெரும்பாலும் சரிவராது. கதிரையில் இருந்தே தொடங்குவோம். அடவின், அதாவது அடிப்படை ஆட்ட அசைவின், தாளத்தைக் கை எடுத்துக்கொள்ளும், சலங்கை மணிக்கட்டுக்கு ஏறும். ஒற்றைக்கை முத்திரைகள் 28க்கும் கால் எதற்கு?

தொல்லை வன்னி வெயில்தான். வியர்த்தால் செயற்கைக் கால் வழுக்கும், தோல் உரசிப் புண்ணாகும். அதனால் காலையிலேயே வகுப்பு. இடையில் கழற்றித் துடைப்பதை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. காது கேளாதவர்களைப் பலகைத் தளத்தில் நிறுத்தி, மிருதங்கத்தையும் அதன் மேலேயே வைப்போம். அதிர்வு உள்ளங்காலில் ஏறும்.

விழாவுக்கு வரும் விருந்தினர்கள் நடனக் கலைஞர் சுதா சந்திரனின் கதையைத் தவறாமல் சொல்வார்கள். 1981 விபத்தில் காலை இழந்து, 1984இல் செயற்கைக் காலோடு மீண்டும் மேடையேறியவர். எனக்கும் அவரில் பெரிய மதிப்புத்தான். ஆனால் கேட்கிற பிள்ளை, கால் போனதே தெரியாமல் ஆடினால்தான் நடனம் என்று நினைத்துவிடுகிறது. லண்டனில் 1991இல் தொடங்கிய கான்டோகோ குழுவின் வழி எனக்குப் பிடிக்கும். மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து, அவரவர் உடலுக்கு வரும் அசைவிலேயே ஆடினார்கள். அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான செலஸ்ட் டான்டேகர், மேடையில் விழுந்து முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர்.

எங்களுக்கு மேடைக்கு ஏறுவதே பாடு. இலங்கையில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 1996இலேயே வந்துவிட்டது, மண்டபங்களில் இன்னமும் படிகள்தான். ஒரு மண்டபத்தில் "நாலு பேர் தூக்கிவிடுவினம் ரீச்சர்" என்றார்கள். "நான் என்ன அரிசி மூட்டையா?" என்றாள் சக்கர நாற்காலிக்காரி. சரி என்று கீழேயே, கூத்தின் வட்டக்களரி மாதிரிச் சனத்தைச் சுற்றி இருத்தி ஆடினோம். பிரதம விருந்தினரின் சோபாவை எங்கே போடுவது என்பதுதான் அவர்களுக்குக் கவலை.

அப்புறம் சாய்தளம் போடச் சம்மதித்தார்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும், மூன்றடி மேடைக்கு 36 அடி என்றதும் முகம் மாறியது. பத்தடியில் முடிக்கலாமே என்கிறார்கள். அந்தச் செங்குத்தில் நாற்காலி பின்னுக்கு உருளும். நடுவில் திருப்பிப் போட்டால் இடம் அடங்கும் என்று படம் கீறிக் கொடுத்திருக்கிறேன்.