நடுவுல நான் ஒருத்தி இருந்தேன்

பேஷண்ட் சார்ட்ல அந்த கட்டத்த காலியா விடுன்னு நான் சொன்னது சரிதான். இன்னிக்கு கேட்டாலும் அதயேதான் சொல்லுவேன், நாளைக்கு இன்னொரு பொண்ணு அதே மாதிரி பேனாவும் கையுமா வந்து நின்னாலும் அதயேதான் சொல்லுவேன். அப்புறம் எதுக்கு உக்காந்து இத எழுதிட்டிருக்கேன்னு கேட்டா தெரியல.

நைட் டூட்டி பாக்குறவங்களுக்கு விளக்கவே வேணாம். வயித்து ஆபரேஷன் முடிஞ்ச பேஷண்ட், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ வைட்டல்ஸ், அதாவது பல்ஸ், பிபி, மூச்சு எல்லாம் பாக்கணும். பன்னெண்டு மணிக்கு பல்ஸ் 84, பிபி 122/78. நாலு மணிக்கு பல்ஸ் 88, பிபி 118/76. நடுவுல ரெண்டு மணி கட்டத்துல ஒண்ணும் இல்ல. அஞ்சு மணி வாக்குல, என்கூட டூட்டியில இருந்த, ப்ரொபேஷன்ல இருக்கற நர்ஸ் பொண்ணு சார்ட்ட எடுத்துட்டு வந்து, "அக்கா, ரெண்டு மணிக்கு பாக்க முடியல, 86, 120/76ன்னு போட்டுடவா"ன்னு கேட்டா. எனக்கு தெரியாம போட்டிருக்கலாம், போட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எங்கிட்ட வந்து கேட்டா. இத விட்டுட்டு கதைய சொன்னா அது வேற கதையாயிடும்.

நான், "வேணாம்மா, காலியாவே விடு. ஏன் பாக்கலன்னு எழுதி, இப்ப எழுதுற நேரத்தையும் போட்டு சைன் பண்ணு"ன்னேன். அவ ஒரு செகண்ட் என்ன பாத்தா. "பேஷண்ட் நல்லாத்தானக்கா இருக்காரு"ன்னா. "நல்லா இருக்காரு, ஆனா ரெண்டு மணிக்கு எப்படி இருந்தாருன்னு நமக்கு தெரியாதுல்ல"ன்னு சொன்னேன். எழுதினா. அவ்ளோதான் நடந்தது, ஒரு நிமிஷம் கூட இருக்காது.

காலையில ஹேண்ட்ஓவர்ல மேட்ரன் மேடம் கண்ணுல பட்டது அந்த ஒரு கட்டம்தான். அவளுக்கு மெமோ, ப்ரொபேஷன் நீட்டிப்பு. நான் சும்மா நிக்கல, எல்லாத்தையும் சொன்னேன். அன்னிக்கு ஒரு ஆள் கம்மி, அந்தப் பக்கம் பெட் எல்லாம் அவ ஒருத்திதான் பாத்தா, நான் இந்தப் பக்கம் புது அட்மிஷன்ல மாட்டிக்கிட்டேன், கடைசி பெட் தாத்தா ராத்திரி திடீர்னு குழம்பிப்போய் ட்ரிப் லைன பிடுங்கிட்டு கட்டில்ல இருந்து இறங்கப் பாத்தாரு, அவர பிடிச்சிட்டு இருந்தா. மேடம் எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, "அதெல்லாம் சரி சிஸ்டர், சார்ட் காலியா இருக்கே"ன்னாங்க. மேடத்தையும் குத்தம் சொல்ல முடியல, அவங்களுக்கு மேல ஆடிட் இருக்கு, ஆடிட்ல வர்றவங்களுக்கு தாத்தா தெரியமாட்டாரு, கட்டம்தான் தெரியும்.

டிரெஸ்ஸிங் ரூம்ல பை எடுக்கும்போது அவ சொன்னதுதான் இன்னும் போகமாட்டேங்குது. கோவமா கூட சொல்லல. "நீங்க உங்க சாமிக்கு கரெக்டா நடந்துக்கிட்டீங்கக்கா. நடுவுல நான் ஒருத்தி இருந்தேன்."

முதல்ல என் பக்கத்து நியாயத்த சொல்லிடறேன், ஏன்னா அது நியாயம்தான். ஆபரேஷன் ஆனவங்களுக்கு உள்ள ரத்தம் கசிஞ்சா முதல்ல பல்ஸ்தான் ஏறும். பிபி ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கும், கிட்டத்தட்ட 30 சதவீத ரத்தம் போற வரைக்கும் கூட பெருசா இறங்காம நிக்கும். ரெண்டு மணிக்கு 110 போயிட்டு நாலு மணிக்கு 88க்கு வந்துச்சா, இல்ல மெதுவா 84, 86, 88ன்னு ஏறிட்டே இருக்கா, இது டாக்டருக்கு ரெண்டு வேற வேற விஷயம். நாம கற்பனையில ஒரு நம்பர் போட்டா நடுவுல நாமளே ஒரு கோடு வரைஞ்சு குடுத்த மாதிரி. பத்து கட்டளையில "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக"ன்னு இருக்கு. எனக்கு சார்ட்டுங்கறது சாட்சி. மயக்கத்துல படுத்திருக்கிறவருக்கு அவருக்காக பேச அந்த பேப்பர் மட்டும்தான் இருக்கு. அவரு என் பிறன் இல்லையா? அவருக்காகத்தான காலியா விடச் சொன்னேன், என் சாட்சி கெட்டுப்போகும்னு இல்ல.

அப்படித்தான் நினைச்சுக்கறேன். ஆனா அதே சார்ட்ல ரெஸ்பிரேஷன், அதாவது நிமிஷத்துக்கு எத்தன மூச்சுன்னு எழுதுற கட்டத்த பாத்தீங்கன்னா எந்த வார்டா இருந்தாலும் எல்லாருக்கும் 18 இல்லனா 20 தான். யாரு ஒரு நிமிஷம் முழுசா நின்னு நெஞ்சு ஏறி இறங்குறத எண்ணுறாங்க? வருஷக்கணக்கா அந்த கட்டத்துல எல்லா பேஷண்டும் ஒரே மாதிரி மூச்சு விடறாங்க, நானும் கீழ சைன் போட்டுட்டுதான் போறேன். அப்போ பொய்ச்சாட்சி எங்க போச்சு? பல்ஸ்ல இருக்கற வசனம் மூச்சுல இல்லையா? இதுக்கு ஒரு பதில் வச்சிருக்கேன், அவ வந்து வாய தொறந்து கேட்டா, கேட்டதுக்கு அப்புறம் ஆமான்னு சொன்னா அது வேறன்னு. இது பதிலா சாக்கான்னு நீங்களே சொல்லுங்க.

சபையில கீழ்ப்படிதல பத்தி பேசும்போது சகோதரர் லாரன்ஸ எடுப்பாங்க. 1691ல இறந்தவர், பாரிஸ்ல கார்மேல் மடத்துல சமையல்கட்டுல வேல பாத்தவர், அந்த வேல அவருக்கு சுபாவத்துல பிடிக்கவே பிடிக்காதாம், ஆனா தேவன் மேல இருக்கற அன்புல சட்டி பானைக்கு நடுவுலயும் அவர் சமுகத்துலயே இருந்தாராம். ரொம்ப பிடிச்சவர் எனக்கு. கை கழுவும்போது அவர நினைச்சுப்பேன். பேஷண்ட தொடறதுக்கு முன்னாடி, சுத்தமா செய்ய வேண்டிய வேலைக்கு முன்னாடி, ரத்தம் மாதிரி எதாவது பட்டா, தொட்டதுக்கு அப்புறம், பேஷண்ட சுத்தி இருக்கறத தொட்டதுக்கு அப்புறம்னு உலக சுகாதார நிறுவனம் அஞ்சு நேரம் சொல்லுது. ராத்திரி மூணு மணிக்கு யாரும் பாக்கல, கை வெடிச்சு எரியுது, அப்பவும் போய் கழுவுறேன் பாருங்க, அது எனக்கு ஜெபம் மாதிரிதான். அந்த கீழ்ப்படிதல்ல எந்த குழப்பமும் இல்ல, எரியறது என் கை மட்டும்தான். லாரன்ஸுக்கும் அந்த வசதி இருந்ததோன்னு இப்ப தோணுது. பாத்திரம் மெமோ வாங்காது.

யோவான் நிருபத்துல, "நாம் தேவனுடைய கற்பனைகளைக் கைக்கொள்வதே அவரிடத்தில் அன்புகூருவதாம், அவருடைய கற்பனைகள் பாரமானவைகளுமல்ல"ன்னு வருது, கற்பனைன்னா இங்க கட்டளை. சின்ன வயசுல இருந்து மனப்பாடம். அன்னிக்கு எனக்கு பாரமாவே இல்லதான். வீட்டுக்கு போனேன், நிம்மதியா தூங்கினேன், கர்த்தர் முன்னாடி உண்மையா நடந்துக்கிட்டோம்னு ஒரு திருப்தி கூட இருந்தது. பாரம் அவ மேல போய் உக்காந்துச்சு. தாவீது அர்வனாவோட களத்துல பலி செலுத்தப் போகும்போது, மாடு விறகு எல்லாம் சும்மாவே எடுத்துக்கோங்க ராஜாவேன்னு அர்வனா சொல்றான், தாவீது ஒத்துக்கமாட்டேங்கறார், இலவசமா வாங்கி என் தேவனுக்கு பலி செலுத்தமாட்டேன்னு ஐம்பது சேக்கல் வெள்ளி குடுத்து வாங்கறார். நான் அன்னிக்கு செலுத்துன பலிக்கு ஐம்பது சேக்கல் குடுத்தது யாரு?

நல்ல சமாரியன் கதைய நர்ஸா படிச்சா வேற மாதிரி தெரியும். கள்ளர்கிட்ட அடிபட்டு வழியில கிடந்தவனோட காயத்துல எண்ணெயும் திராட்சரசமும் வார்த்து கட்டறான், தன் மிருகத்துல ஏத்தி சத்திரத்துக்கு கொண்டு போறான், ராத்திரி கூட இருந்து பாத்துக்கறான், மறுநாள் சத்திரக்காரன்கிட்ட ஹேண்ட்ஓவர் குடுக்கறான், ரெண்டு பணம் குடுத்து, மேல செலவானா திரும்பி வரும்போது தரேன்னு சொல்லிட்டு போறான். அந்த காலத்துல ரெண்டு பணம்னா ஒரு கூலியாளுக்கு ரெண்டு நாள் சம்பளம். எல்லாமே அவன் பையில இருந்து. அந்த ராத்திரி எங்க வார்டுல சமாரியன் யாருன்னு கேட்டா, சத்தியமா அது நான் இல்ல. தாத்தா கையில ரத்தம், தரையெல்லாம் சொட்டு, அவரு செத்துப்போன பொண்டாட்டி பேர சொல்லி கூப்பிட்டுட்டு இருக்காரு, அவ ஒரு கையால பஞ்ச அழுத்திக்கிட்டு இன்னொரு கையால அவர் தலைய தடவிட்டு "இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்"னு சொல்லிட்டே இருந்தா. ஸ்டோர்க்கு போகும்போது நானே பாத்தேன். ரெண்டு மணி ஏன் விட்டுப்போச்சுன்னா இதனாலதான். அவளுக்கு வேதம் தெரியாது, வசனம் ஒண்ணு கூட சொல்லத் தெரியாது.

அதே கதைய இயேசு ஏன் சொன்னார்னா, ஒரு நியாயசாஸ்திரி தன்ன நீதிமான்னு காட்டிக்க நினைச்சு "எனக்குப் பிறன் யார்"னு கேட்டதாலதான். மேல ஆபரேஷன் பேஷண்ட் என் பிறன் இல்லையான்னு நான் கேட்டேனே, அதுவும் அந்தக் கேள்விதானோ.

பாஸ்டர்கிட்ட சொன்னேன். அவர் எகிப்துல இருந்த எபிரெய மருத்துவச்சிகள எடுத்தார், சிப்பிராள், பூவாள். பார்வோன் ஆண் பிள்ளைகள கொல்லச் சொன்னான், இவங்க கொல்லல, கேட்டதுக்கு எபிரெய ஸ்திரீகள் பலமுள்ளவங்க, நாங்க போறதுக்குள்ளயே பெத்துடறாங்கன்னு சொல்லிட்டாங்க. தேவன் அவங்களுக்கு நன்மை செஞ்சார். அப்போ பொய் சொல்லலாமா பாஸ்டர்னு கேட்டா, கிறிஸ்தவ வேத அறிஞர் அகஸ்டின் அந்த காலத்துலயே இதுக்கு பதில் சொல்லிட்டார், பொய்க்காக இல்ல, இரக்கத்துக்காகத்தான் நன்மைன்னார். சரி, ஆனா அந்த ரெண்டு பேரும் அன்னிக்கு ராத்திரி அத பிரிச்சு பாத்திருப்பாங்களா? அதுவும் அங்க உயிர் போற விஷயம், இங்க ஒரு ப்ரொபேஷன். ரெண்டையும் ஒரே தராசுல வைக்க கூடாதுன்னு எனக்கே தெரியுது. நீ செஞ்சது சரிம்மா, உறுத்தல விட்டுடுன்னு பாஸ்டர் ஜெபம் பண்ணி அனுப்பினார். விட முடிஞ்சா விட்டிருப்பேன்.

பொய்யான நம்பர் போட விட்டிருக்கணும்னு நான் சொல்லவே இல்ல. அது இரக்கம் இல்ல, சோம்பேறித்தனம். ஆனா காலியா விடுன்னு சொன்னதோட என் கீழ்ப்படிதல் முடிஞ்சுபோச்சான்னுதான் கேக்கறேன். அவ எழுதுனதுக்கு கீழ "ஷிப்ட் இன்சார்ஜ் நான், ஆள் பத்தல, என் பொறுப்பு"ன்னு என் பேர போட்டிருக்கலாமே, மெமோ ரெண்டு பேருக்கும் வந்திருக்கும். அன்னிக்கு இந்த யோசனையே வரல. வந்திருந்தா போட்டிருப்பேனா? போட்டிருப்பேன்னுதான் சொல்ல ஆசை. இன்னொண்ணும் இருக்கு, இன்சார்ஜ்னா எல்லாத்தையும் தன் மேல போட்டுக்கறவனு ஆயிட்டா அப்புறம் யாரும் எதுக்கும் பொறுப்பு எடுக்கமாட்டாங்க, இதுவும் உண்மை.

அதுக்கப்புறம் என் ஷிப்ட்ல ஒரு சார்ட்ல கூட காலி கட்டம் வரல. எல்லாம் நேரத்துக்கு, அழகான கையெழுத்துல. மேடம் பாராட்டினாங்க. யாரும் பேனாவோட எங்கிட்ட வந்து எதையும் கேக்கறதில்ல. எனக்கு சில ராத்திரி அந்த நம்பர்கள பாக்கவே பயமா இருக்கு.

அவ ப்ரொபேஷன் முடிச்சிட்டு வேற இடத்துக்கு அப்ளை பண்ணியிருக்கா. ரெஃபரன்ஸுக்கு என் பேர குடுத்திருக்கா, மேடம் பேர இல்ல, என் பேர. எதுக்குன்னு நான் கேக்கல. போன வாரம் ஃபார்ம் வந்தது. பதிவுகள் எழுதுறதுல நேர்மையானவரான்னு ஒரு கேள்வி, ஆம், இல்லைன்னு ரெண்டு கட்டம், கீழ கூடுதல் விவரம் எழுத நாலு கோடு. பேனாவ வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். நம்பர் போடவான்னு கேட்டவளும் அவதான். வேணாம்னதும் ஒரு வார்த்த எதிர்த்து பேசாம, மெமோ வரும்னு தெரிஞ்சே தன் கையால உண்மைய எழுதி சைன் பண்ணவளும் அவதான். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்"னு வசனம், அதுக்கு மிஞ்சினது தீமையினால உண்டாகும்னும் இருக்கு. ஆம்ல டிக் போட்டேன். அந்த நாலு கோட்டுல ஒண்ணும் எழுதாம அனுப்பிட்டேன்.