ஒரு கேள்வியை எழுத ஐந்து வாரம்

இளங்கலை இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு நான் முதலில் எழுதிக்கொண்டு போன தலைப்பு ‘குமரி மாவட்டக் குளங்களில் நீர் மாசுபாடு’. பேராசிரியை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “மாவட்டத்தில் 2,000 குளங்களுக்கு மேல் இருக்கின்றன. நீ எத்தனை வருடம் கல்லூரியில் இருப்பதாக உத்தேசம்?”

அடுத்த வாரம் ஒரே ஒரு குளத்தோடு போனேன். தோவாளை வட்டத்தில் எங்கள் வயலுக்குப் பாயும் குளம்தான். ‘ஆகாயத்தாமரையால் எங்கள் ஊர்க் குளத்தின் மீன்வளம் அழிகிறதா?’ என்பது இரண்டாவது கேள்வி. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. படித்ததும் யாருக்கும் கோபம் வரும் கேள்வி. அதைக் கெடுத்தவர் குளத்தங்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டா. “மக்களே, குத்தகைக்காரன் குஞ்சு விட்டால் மீன் உண்டு, விடாவிட்டால் இல்லை. செடியைப் போய்க் கேட்டு என்ன செய்ய?” என்றார். எத்தனை குஞ்சு விட்டார்கள், எத்தனை பிடித்தார்கள் என்ற கணக்கு யாரிடமும் இல்லை. முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் அழிகிறதா என்று எப்படிக் கேட்பது?

அந்தக் கேள்வியில் செடியின் பெயரும் தவறு. செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் ஆகாயத்தாமரை என்றே எழுதுகின்றன. சித்த மருத்துவ நூல்களில் ஆகாயத்தாமரை என்பது முட்டைக்கோசு போல விரிந்து மிதக்கும் வேறொரு செடி. ஊதாப் பூவும் வெங்காயம் போல உப்பிய காம்பும் கொண்டு எங்கள் குளத்தை மூடியிருந்தது தென் அமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத்தாமரை. ஒரு சொல்லைத் திருத்த ஒரு மாலை நூலகத்தில் கழிந்தது.

மூன்றாவது முறை பேராசிரியை என்னை ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்று அலமாரியைக் காட்டினார். “இதில் இருப்பதை வைத்து எதை அளக்க முடியுமோ அதைக் கேள்.” இருந்தவை 300 மில்லி கண்ணாடிப் புட்டிகள், மாங்கனீசு சல்பேட், கார அயோடைடு, கந்தக அமிலம், தயோசல்பேட். அதாவது நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறைக்கு வேண்டியவை. புட்டியை நீருக்குள் அமிழ்த்தி, ஒரு குமிழிகூட இல்லாமல் மூட வேண்டும். பிறகு முதல் இரண்டு கரைசல்களையும் கரையிலேயே சேர்க்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் வண்டல் படியும். அறவே இல்லையென்றால் அது வெள்ளையாகவே நிற்கும்.

இனி எல்லாம் எளிது என்று நினைத்துக் காலை ஏழு மணிக்குச் செடி மூடிய இடத்தில் நீர் எடுத்தேன். செருப்பு சேற்றில் மாட்டி, வீட்டுக்குப் போய்க் குளித்து, இட்லி சாப்பிட்டுத் திரும்பி, திறந்த நீரில் எடுக்கும்போது மணி பதினொன்று. இரண்டு புட்டிகளுக்கும் நிறத்தில் நல்ல வேறுபாடு. மகிழ்ச்சியோடு காட்டினேன். “இது செடி செய்ததா, சூரியன் செய்ததா?” என்றார் பேராசிரியை. பாசிகள் பகலில் ஆக்சிஜனை விடுகின்றன. இரவு முழுவதும் எல்லா உயிர்களும் அதைச் செலவழிக்கின்றன. அதனால் விடியும் முன் அளவு மிகவும் குறைந்திருக்கும், பிற்பகலில் ஏறியிருக்கும். நான் அளந்தது பெரும்பாலும் என் காலை உணவு நேரத்தைத்தான். கேள்விக்குள் மணி நுழைந்தது அப்படித்தான்.

அது ஆடி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் பக்கம் வாழையையே சாய்த்துவிடும். மிதக்கும் செடி எம்மாத்திரம்? ஒரு வாரம் கழித்துப் போனால், நான் கம்பு நட்டு அடையாளம் வைத்திருந்த ‘செடி மூடிய’ இடம் வெறும் தண்ணீர். செடிப் பத்தை முழுவதும், குளம் நிறைந்தால் மிச்ச நீர் வெளியேறும் மறுகால் பக்கம் ஒதுங்கியிருந்தது. கம்பைப் பிடுங்கினேன். இடத்தைக் குறிப்பதை விட்டுவிட்டு, அன்றன்று பத்தை எங்கே நிற்கிறதோ அதன் விளிம்பிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே, இரண்டு மீட்டர் வெளியே என்று மாற்றிக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் பேராசிரியை கையெழுத்திட்ட கேள்வி இது: ‘ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் காலை 6 முதல் 7 மணிக்குள், வெங்காயத்தாமரைப் பத்தையின் விளிம்பிலிருந்து 2 மீட்டர் உள்ளேயும் வெளியேயும், 30 செ.மீ. ஆழத்தில் கரைந்த ஆக்சிஜன் அளவு எவ்வளவு வேறுபடுகிறது?’ யாருக்கும் கோபம் வராது. பாட்டாவிடம் படித்துக் காட்டியபோது, “இதற்கா இத்தனை நாள்?” என்றார்.

பிற்பாடு நாகர்கோவிலில் பைண்டிங் கடைக்காரரும் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அட்டையில் பொன்னெழுத்தில் மூன்று வரிக்கு மேல் அடங்காதாம். எதையாவது வெட்டித் தரச் சொன்னார். பேனாவோடு வெகுநேரம் நின்றேன். மாதத்தை வெட்டலாமா, மணியையா, ஆழத்தையா? கடைசியில் எழுத்தைச் சிறிதாக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.