டிசம்பரில் எள்ளுருண்டையா? டர்பனில் ஆயுர்வேத முறைக்கு மாறிய அனுபவம்

நெஞ்செரிச்சல், பாதியில் கலையும் தூக்கம், எழும்போதே ஒரு சோர்வு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் என்னைப்போல் ஷிஃப்ட் வேலை பார்க்கும் பலருக்கும் இருப்பதுதான். குடும்ப டாக்டர் எல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு, “பெரிதாக ஒன்றுமில்லை, சாப்பாட்டு நேரத்தையும் தூக்கத்தையும் ஒழுங்கு பண்ணுங்கள்” என்றார். எப்படி என்று அவர் சொல்லவில்லை. ரத்த அழுத்த மாத்திரை மட்டும் வழக்கம்போல் தொடர்ந்தது.

மதுரையில் இருக்கும் தங்கை வாட்ஸ்அப்பில் ஓர் ஆயுர்வேதப் பருவ அட்டவணை அனுப்பினாள். சித்திரை, வைகாசியில் நீர்மோர், பழச்சாறு, மதியம் குட்டித் தூக்கம். மார்கழி, தையில் எள், உளுந்து, நெய், உடம்பு முழுக்க நல்லெண்ணெய். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் மார்கழி என்றால் சட்டை முதுகில் ஒட்டும் புழுக்கம். வைகாசி முடிவதற்குள் ராத்திரிக்குக் கம்பளி தேவைப்படும். அதை அப்படியே பின்பற்றினால் கொதிக்கிற டிசம்பரில் எள்ளுருண்டை தின்ன வேண்டும்.

பழைய ஆயுர்வேத நூல்கள் ஆண்டை இரண்டாகப் பிரிக்கின்றன. சூரியன் வடக்கே நகரும் உத்தராயணத்தில் அது உடம்பின் வலிமையை உறிஞ்சும். அது ஆதான காலம். தெற்கே நகரும் தட்சிணாயனத்தில் வலிமை திரும்பும்; அது விசர்க்க காலம். இந்தியாவில் உட்கார்ந்து சொன்ன கணக்கு அது. நாம் பூமத்திய ரேகைக்குக் கீழே சுமார் 30 பாகையில் இருக்கிறோம். ஜூன் கடைசியிலிருந்து டிசம்பர் வரை சூரியன் நம்மை நோக்கி வருகிறது, அதனால் இங்கே எல்லாம் தலைகீழ். ஆடிக்கூழ் விஷயத்திலும் இதே கூத்துதான். ஊரில் கோடை வெப்பம் தணியாத நேரத்தில் ஊற்றுகிற கூழை, நாம் இங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு குளிர்காலத்தில் குடிக்கிறோம்.

சரி, முறையாக ஒருவரைப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். தென்னாப்பிரிக்காவில் ஆயுர்வேதம் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட துறை. வைத்தியம் பார்ப்பவர் அல்லைட் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அதைச் சரிபார்த்த பிறகே டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வைத்தியரிடம் போனேன். டர்பனிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டார். நாடி, நாக்கு எல்லாம் பார்த்தார். ஆனால் அதிக நேரம் போனது நான் எத்தனை மணிக்கு என்ன சாப்பிடுகிறேன் என்ற விசாரணையில்தான். அப்புறம் மாத்திரைப் பட்டியலைக் கேட்டார். நெஞ்செரிச்சலுக்கு அதிமதுரம் நல்லது என்று தங்கை சொல்லியிருந்ததைச் சொன்னேன். “அண்ணா, உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம், பிரஷரை ஏற்றும்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே கொடுத்த ஃபீஸ் தகும்.

பொடி, லேகியம் எதுவும் எழுதித் தரவில்லை. எனக்கும் அது நிம்மதி. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த தெற்காசிய ஆயுர்வேதத் தயாரிப்புகள் 70-இல் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது என்று 2004-இல் வெளியான ஓர் ஆய்வில் படித்ததிலிருந்து எனக்கு அந்தப் பயம் உண்டு.

அவர் மாற்றியது முதலில் சாப்பாட்டை. மதியம்தான் பெரிய சாப்பாடு. வயிற்றில் பாதி சோற்றுக்கு, கால் பங்கு நீருக்கு, மீதி காலியாக இருக்க வேண்டும். பன்னி சவ் (ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு நிரப்பும் எங்கள் ஊர்ச் சாப்பாடு) வாங்கினால் கால் ரொட்டி, அதுவும் மதியம் மட்டும். ராத்திரி தயிர் கூடாது என்றதும் என் மனைவிக்குக் கோபம், மாஸ் (இங்கே கிடைக்கும் தயிர் மாதிரியான புளித்த பால்) இல்லாமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அதை மதியத்துக்குத் தள்ளினோம். இரவு ஏழு மணிக்குள் பருப்பும் காய்கறியும் கொஞ்சம் சோறும். நெஞ்செரிச்சல் குறைந்தது இதனால்தான் என்பது என் கணிப்பு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பருவத்துக்கு மாதத்தைப் பார்க்காதீர்கள், வெளியே பாருங்கள் என்றார். ஜூன், ஜூலையில் இங்கே குளிர், வறட்சி. பசியும் நன்றாக எடுக்கும். அப்போதுதான் உளுந்தும் எள்ளும் நல்லெண்ணெயும். கோடையில் சிக்கல் உண்டு. நூலில் கோடையும் மழையும் தனித்தனிப் பருவம், டர்பனில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. வெயில் காலத்துக்குக் குளிர்ச்சியாகச் சாப்பிடு என்கிறது, மழைக்காலத்தில் பசி மந்தம், சூடாகச் சுக்கு சேர்த்துச் சாப்பிடு என்கிறது. எதைக் கேட்பது? வெயில் அடிக்கிற நாளில் மோர், நான்கு நாள் மழை பிடித்தால் சுக்கு ரசம் என்று வைத்துக்கொண்டேன். ஒரு பருவத்தின் கடைசி 7 நாளிலும் அடுத்ததன் முதல் 7 நாளிலும் பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொல்கிறது நூல். அந்தத் தேதியை டர்பன் வானம் அறிவிப்பதில்லை.

பிரம்ம முகூர்த்தம் இன்னொரு தலைவலி. சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்குவது அது. ஜூனில் உதயம் ஏறக்குறைய 6.50, ஆக 5.15 வாக்கில் எழலாம், ஒன்றும் கஷ்டமில்லை. டிசம்பரில் உதயமே 4.50-க்கு, அப்படியானால் 3.15! வைத்தியரிடம் கேட்டேன், சிரித்துவிட்டார். அந்த விதி ஆரோக்கியமானவனுக்குச் சொன்னது, தூக்கம் கெட்டவன் முதலில் தூங்கட்டும் என்றார்.

நடைப்பயிற்சி கடற்கரையில். பாதி வலிமைதான் செலவாக வேண்டும் என்பது கணக்கு, நெற்றியிலும் அக்குளிலும் வியர்வை துளிர்த்தால் நிறுத்திவிடலாம். கோடையில் வண்டியிலிருந்து இறங்கியதுமே துளிர்த்துவிடுகிறது, அது வேறு விஷயம்.

அடக்கக் கூடாத 13 வேகங்கள், அதாவது உடம்பின் இயல்பான உந்துதல்கள், என்று ஒரு பட்டியலும் உண்டு. சிறுநீர், பசி, தாகம், தூக்கம், கொட்டாவி, கண்ணீர்கூட அதில் இருக்கிறது. கப்பல் வந்து நிற்கும்போது எங்கள் அறையில் யாரும் எழுந்து கழிப்பறைக்குப் போவதில்லை. இப்போது நான் போகிறேன். மேலாளர் ஒருமுறை முறைத்தார், அவ்வளவுதான்.

முடியாமல் போனதும் இருக்கிறது. தினமும் உடம்பு முழுக்க எண்ணெய் தேய்ப்பது வேலை நாளில் நடக்கிற காரியமில்லை. தலை, காது, பாதம் மூன்றையாவது விடாதீர்கள் என்றார், அதைச் செய்கிறேன். இரவு ஷிஃப்ட் வாரத்தில் எல்லாமே குலைகிறது. பகல் தூக்கம் பொதுவாகக் கோடைக்குத்தான் அனுமதி, ராத்திரி கண்விழித்தவனுக்கு மட்டும் நூல் விலக்கு தருகிறது. அந்த வாரம் சாப்பாட்டு அளவை மட்டும் பிடித்துக்கொள்கிறேன். ரத்த அழுத்த மாத்திரை அப்படியே தொடர்கிறது, அதைக் குறைப்பதா வேண்டாமா என்பது டாக்டர் பாடு. தங்கையின் அட்டவணையை ஆறு மாதம் தள்ளி மாற்றி எழுதி, சமையலறையில் ஒட்டியிருக்கிறேன். டிசம்பர், ஜனவரிக்கு நேரே மனைவி பேனாவால் ‘மாஸ்’ என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறாள்.