பினாங்கில் குடும்பமாகச் சாப்பிட

மட்டக்களப்பிலிருந்து குடும்பமாகப் பினாங்குக்குப் போகிறவர்கள் முதல் கடையிலேயே வயிற்றை நிரப்பிவிடாதீர்கள். நாலு பேருக்கு ஒரு தட்டு போதும்.

ஆசம் லக்சாவை விடவே கூடாது. கும்பளா மீனை அவித்து, முள் நீக்கி உதிர்த்துப் போட்ட புளிக்குழம்பில் வரும் நூடுல்ஸ் இது. நம்முடைய கொறுக்காய்க்கு உறவான காய்ந்த புளித்துண்டு சேர்ப்பார்கள். மேலே அன்னாசி, வெள்ளரி, புதினா. கரண்டியில் தரும் கறுத்த இறால் பாகில் முதலில் பாதியை மட்டும் கலக்குங்கள். இனிப்பு ஏறினால் புளி அடங்கிவிடும்.

வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸான சார் குவே தியாவை ஒவ்வொரு தட்டாக வறுக்கும் கடையில் வாங்குங்கள். மூன்று தட்டுக்கு ஒன்றாகப் போட்டால் தாச்சி சூடிழந்து, நூடுல்ஸ் வறுபடாமல் குழைந்துவிடும். பல கடைகளில் பன்றிக் கொழுப்பு உண்டு. வேண்டாதவர்கள் முதலிலேயே கேளுங்கள்.

தமிழ் முஸ்லிம்கள் காவுதடியில் சுமந்து விற்ற சோறு-கறியான நாசி கண்டாருக்கு 'பாஞ்ஜிர்' (மலாயில் வெள்ளம்) என்று சொன்னால், எல்லாக் குழம்பும் சோற்றின்மேல் வெள்ளமாக விழும்.