ஐந்தில் நான்கு பங்கு

யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் வீடு தேடி அலைந்த நாட்களில் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்டது, "நீங்கள் எந்த ஊர்?" காரைக்குடி என்பேன். "காரைநகரோ? அங்க எந்தப் பக்கம்?" என்பார்கள். இல்லை, இந்தியா என்றதும் கேள்வி என்னை விட்டு என் மனைவியிடம் போய்விடும். அவள் கோண்டாவில் என்று சொன்னால் போதும். கோயிலடியோ, எந்த ஒழுங்கை, ஆற்றை (யாருடைய) பிள்ளை என்று கால் மணி நேரம் ஓடும். அவள் 1990 இல் ஒன்பது வயதில் படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவள்; திருச்சியில் படித்து வளர்ந்தவள். சொந்த ஊருக்குத் திரும்பி வந்தது அவள்தான். எனக்கு இது கடல் தாண்டிய புது நாடு, அதுவும் என் தாய்மொழி பேசும் புது நாடு. மொழி ஒன்று என்பதே பாதிச் சிக்கல்.

சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் மறுபடி பறக்கத் தொடங்கியது 2022 டிசம்பரில். அடுத்த மாதமே வந்துவிட்டோம். வாடகை வீட்டில் இருந்த முதல் ஆறு மாதத்தில் நான் கற்றது பெரும்பாலும் சொற்கள். பத்திரம் என்றால் இங்கே யாருக்கும் நிலம் நினைவுக்கு வராது, அது 'உறுதி'. அதை எழுதி முடிப்பவர் நொத்தாரிசு. நம் ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது இங்கே தோம்பு பார்ப்பது. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், குடிகளையும் காணிகளையும் பதிந்துவைத்த ஏட்டின் பெயர் இன்னமும் தரகர்களின் வாயில் இருக்கிறது. சென்ட், கிரவுண்ட் எதுவும் செல்லாது. எல்லாம் பரப்பு. ஒரு பரப்பு பத்துப் பேர்ச், ஏக்கருக்குப் பதினாறு. நாங்கள் பார்த்த காணி இரண்டரைப் பரப்பு. சென்னைக் கணக்கில் மூன்று கிரவுண்டுக்குக் கொஞ்சம் குறைவு என்று விளங்கிக்கொள்ள எனக்குக் கைப்பேசி வேண்டியிருந்தது.

2014 இன் சட்டப்படி வெளிநாட்டவன் பெயருக்கு இலங்கையில் காணி எழுத முடியாது. விதிவிலக்குகள் சில உண்டு, எனக்குப் பொருந்துவது ஒன்றுமில்லை. மனைவி இலங்கைக் குடியுரிமையை விடாமல் வைத்திருந்தாள். வாங்குவது அவள், உடன் வந்து நிற்பது நான். இதில் எனக்கு வருத்தமில்லை. என் மாமாவுக்குத்தான் இன்றுவரை இருக்கிறது.

பழைய வீடுதான் வேண்டும் என்று நின்றது நான். என் ஊரில் பெரிய வீடுகள் போன விதத்தைப் பார்த்தவன். பங்காளிகள் கூடிக் கூடிப் பேசி முடிவு வராமல் பூட்டிக் கிடக்கும். ஒருநாள் தூணும் நிலையும் கதவும் லாரியில் ஏறும். பிறகு ஏதோ ஹோட்டல் வரவேற்பறையில் அவற்றைப் பார்க்கலாம். வண்ணார்பண்ணை எனக்குப் பிடித்ததற்கும் அந்த நினைப்பே காரணம். ஒல்லாந்தர் காலத்தில் வைத்திலிங்கம் செட்டியார் கட்டிய வைத்தீஸ்வரன் கோயில் இங்கே இருக்கிறது. ஆறுமுக நாவலர் 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் இங்கேதான். சிதம்பரத்தில் நாவலர் பெயரைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இந்தத் தெருக்களில் நடப்பதில் ஒரு சொந்தம் இருந்தது.

வீடு நாற்சார். நடுவில் முற்றம், முருகைக்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, வைரம் பாய்ந்த பனை வளைகள். ஒரு மூலையில் ஓடு சரிந்து வானம் தெரிந்தது. அதில் தனியாக இருந்தவர் ஓய்வுபெற்ற ரீச்சர். விறாந்தையில் எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, வீட்டைப் பாக்க வந்தனீங்களோ, இடிக்கப் பாக்க வந்தனீங்களோ?" எங்களுக்கு முன் வந்த மூன்று பேரும் நிலத்துக்குத்தான் விலை சொன்னார்களாம். கடைக்கட்டிடம் கட்ட.

ரீச்சருக்கு இருந்தது ஐந்தில் ஒரு பங்கு. மற்ற நான்கும் லண்டன், டொரன்டோ, பாரிஸ், மெல்பேர்ணில் இருக்கும் கூடப்பிறந்தவர்களுக்கு. ரீச்சர் 1995 ஒக்ரோபர் போர் இடப்பெயர்வில் சாவகச்சேரிக்கு நடந்து போனவர். ஊர் திறந்ததும் திரும்பி வந்து வீட்டைக் கூட்டித் தனியாகவே இருந்துவிட்டார். இத்தனை வருடம் ஆண்டதால் ஆட்சியுறுதி (நெடுங்கால அனுபவத்தை வைத்து எழுதும் உறுதி) ஒன்றைத் தன் பெயரில் முடித்துக்கொள்ளலாம், சிக்கல் தீர்ந்துவிடும் என்று தரகர் அவருக்கு யோசனை சொல்லியிருந்தார். ரீச்சர் அதைப் பற்றி எங்களிடம் ஒரே தடவைதான் பேசினார். "கூடப்பிறந்ததுகளுக்கு எதிரா நான் ஆட்சியுறுதி முடிக்கிறதோ? அதுகள் விரும்பியே போனதுகள்?" கூட்டு உரிமையாளரின் இருப்பைச் சட்டமும் அத்தனை எளிதில் தனி ஆட்சியாக எடுத்துக்கொள்ளாது என்று நொத்தாரிசு பிறகு சொன்னார். ரீச்சருக்கு அந்தச் சட்டம் தேவைப்படவில்லை.

அற்றோனித் தத்துவங்கள், அதாவது நம் ஊர் பவர் பத்திரங்கள், வரப் பதினொரு மாதம். ஒவ்வொருவரும் அங்கங்கே இலங்கைத் தூதரகத்தில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். லண்டன் முதலில் வந்தது. பாரிசில் பெயரின் ஓர் எழுத்துப் பிழைத்து இரண்டாம் முறை போக வேண்டியிருந்தது. மெல்பேர்ண் அண்ணர் (ரீச்சருக்குத் தம்பி, எங்களுக்கு அண்ணர்) மட்டும் விற்க மாட்டேன் என்றுவிட்டார். கோபமில்லை, கூடுதல் விலையும் கேட்கவில்லை. "நான் அங்க பிறந்தனான்" என்று தொலைபேசியில் சொன்னதோடு சரி.

இங்கேதான் தேசவழமை வந்தது. 1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி தொகுத்து எழுதிய யாழ்ப்பாணத்து வழக்கம், இன்றும் நடப்பில் இருக்கும் சட்டம். கூட்டுக் காணியில் ஒருவர் தன் பங்கைப் பிறத்தியாருக்கு விற்பதென்றால் மற்றப் பங்குகாரருக்கு முதலில் அறிவிக்க வேண்டும். வாங்க அவர்களுக்கே முன்னுரிமை. இதற்கென்றே 1947 இல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. மெல்பேர்ண் அண்ணர், மற்றவர்கள் விற்பதில் தனக்கு ஆட்சேபனை இல்லை, தானும் வாங்கவில்லை என்று எழுதித் தந்தார். எங்கள் நொத்தாரிசு தலையில் கை வைத்தார். பிரிபடாத காணியில் ஐந்தில் நான்கை வாங்குவது புத்தியில்லை, நாளைக்கு வழக்கு வரும், வங்கி ஒரு சதம் கடன் தராது என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. வாங்கினோம்.

அவருடைய அலுவலகத்தில் இன்னொன்றும் தெரிந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு பெண் தன் சீதனக் காணியை விற்கக் காத்திருந்தார். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அவர் கணவர் கத்தாரில். சம்மதக் கடிதம் வரவில்லை என்று மூன்றாவது தடவையாகத் திரும்பிப் போனார். அப்படியானால் நாளைக்கு இவள் விற்க என் கையெழுத்தா என்று கேட்டேன். நொத்தாரிசு சிரித்தார். 1911 இன் சட்டப்படி, தேசவழமைக்கு வெளியே உள்ள ஆணைக் கட்டினால் அந்தத் திருமணம் இருக்கும்வரை அவள் தேசவழமைக்குக் கீழே வரமாட்டாள். "உங்களைக் கட்டினதில அவவுக்கு ஒரு லாபம்" என்றார். மனைவி அதை இன்றுவரை விருந்தாளிகளுக்குச் சொல்கிறாள்.

முத்திரைத் தீர்வை முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். தமிழ்நாட்டில் 7 கட்டிப் பழகியவனுக்கு அது ஒன்றும் வலிக்கவில்லை.

வலித்தது பூட்டு. குடிபுகுந்த மூன்றாம் நாள், பக்கத்து ஒழுங்கைப் பக்கமிருந்த சின்னப் படலை (வெளிக்கதவு) ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்து நல்ல பூட்டாக ஒன்று வாங்கிப் போட்டேன். ஊர்க்காரன் புத்தி, வீட்டைக் காக்கிறேன் என்ற நினைப்பு. மறுநாள் காலை பக்கத்து வீட்டு அம்மா முன்படலைக்கு வந்து, உள்ளே வராமல் நின்று, "படலையைப் பூட்டிப்போட்டியள். நாங்கள் குடிக்க அள்ளுறது இந்தக் கிணத்திலதான். உறுதியில இருக்கு, பாருங்கோ" என்றார். குரல் உயரவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. உறுதியை எடுத்துப் படித்தேன். எல்லைகள், மரங்கள் எல்லாம் சொல்லி, கடைசியில் கிணற்றில் அரைப்பங்கு என்றும் வழிவாய்க்கால் உரித்து, அதாவது போக வரவும் தண்ணீர் எடுக்கவும் உரிமை, என்றும் இருந்தது. கையெழுத்தான அன்று அந்த வரியை யாரோ வாசிக்க நானும்தான் கேட்டேன். பழைய தமிழ் அழகாக இருக்கிறது என்று மட்டும் நினைத்தேன். எங்கள் கிணறு நல்ல தண்ணி. பத்து அடி தள்ளி அவர்கள் வீட்டுக் கிணறு உவர். சுண்ணாம்புக் கல்லுக்குள் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறதோ, வேலிக்கு இப்பால் ஒரு ருசி, அப்பால் ஒரு ருசி.

பூட்டைக் கழற்றி, அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு தட்டில் பனங்காய்ப் பணியாரம் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்துத்தான் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

திருத்த வேலை பற்றிப் பேசினால் நான் நிறுத்த மாட்டேன், சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களுக்கு முன்பே யாரோ தெற்குச் சுவரில் சீமெந்து பூசியிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சீமெந்து வாயை அடைத்துவிட்டது. ஈரம் உள்ளேயே நின்று உப்புப் பூத்து, பூச்சுப் பலகை பலகையாக விழுந்துகொண்டிருந்தது. வந்த மேசன்மார் எல்லோரும் கொத்திவிட்டு மறுபடி சீமெந்தே பூசலாம் என்றார்கள். கடைசியில் காரைக்குடியில் பூச்சு வேலை செய்யும் பெரியவரைக் காணொளியில் பிடித்தேன். சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைப்பது, கடுக்காய்த் தண்ணீர் எவ்வளவு என்று அவர் அங்கிருந்து சொல்ல, இங்கே ஓர் இளம் மேசன் செய்தார். "கடுக்காயோ? மருந்துக்கெல்லோ போடுறது!" என்று சிரித்த பையன் இப்போது வேறு இரண்டு வீட்டுக்கு அதே பூச்சுப் பூசுகிறான். நகரத்தில் பாதாளச் சாக்கடை கிடையாது; மலக்குழியைக் கிணற்றிலிருந்து முடிந்தவரை விலக்கிக் கட்ட வீட்டின் பாதி அமைப்பையே மாற்ற வேண்டியிருந்தது. பழைய வீடு வாங்குகிறவர்கள் ஓட்டை விட அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ரீச்சர் கொக்குவிலில் மருமகளுடன் இருக்கிறார். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்தால் இங்கும் வருவார். தன் வீடு என்று ஒரு சொல் சொல்வதில்லை, சுவர்களை மட்டும் தொட்டுப் பார்ப்பார். மெல்பேர்ண் அண்ணர் வைகாசி பிறந்ததும் குரல் செய்தி அனுப்புவார். கேட்பது வீட்டைப் பற்றி அல்ல, கிணற்றடிக் கறுத்தக்கொழும்பான் மாமரத்தைப் பற்றி. இந்த முறை 210 காய். ஐந்தில் ஒன்று 42, அவற்றை என்ன செய்யட்டும் என்று கேட்டேன். பதில் அடுத்த நாள் வந்தது: இருபதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கோ, இருபதை அக்காவுக்கு. மிச்சம் இரண்டு, அணில் கொறிச்சது எண்டு எழுதிக்கொள்ளுங்கோ.