எங்கள் மின்னூலகத்துக்கு எந்தக் கோப்பு வடிவங்கள்: தேர்ந்தெடுத்த அனுபவம்

திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் எங்கள் வாசகர் வட்டம் இருக்கிறது. பழைய தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி ஒரு சிறு மின்னூலகம் நடத்துகிறோம். நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களும் காப்புரிமைக் காலம் முடிந்த நூல்களும் மட்டும்தான். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் எண்ண வேண்டும். அதனால் எந்த நூலை ஏற்றலாம் என்பதில் எங்களுக்குள் அதிகம் பேச்சு எழவில்லை. எந்த வடிவத்தில் ஏற்றுவது என்பதில்தான் பல வாரம் பேசினோம். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று அந்தப் பேச்சு போன வழியை எழுதுகிறேன்.

ஆளுக்கொன்று கேட்டார்கள். அமேசானின் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் வைத்திருப்பவர், அதில் திறக்கும் மோபி வடிவம் கேட்டார். ஆய்வு மாணவி ஒருவர், அச்சுப் பக்கம் அப்படியே தெரியும் பிடிஎஃப் இல்லாவிட்டால் மேற்கோள் காட்ட முடியாது என்றார். கணினித் துறையில் இருக்கும் இளைஞர்கள், திரையின் அளவுக்கு ஏற்ப வரிகள் மடங்கிக்கொள்ளும் ஈபப் என்ற மின்னூல் வடிவம் போதும் என்றார்கள். இன்னொருவர் வேர்ட் கோப்பாகவே கொடுத்துவிடலாமே என்றார். கேட்ட அத்தனையும் கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் ஒரு நூலில் ஒரு பிழையைத் திருத்தினால் எத்தனை வடிவம் இருக்கிறதோ அத்தனையையும் மறுபடி உருவாக்கி, திறந்து பார்த்து, ஏற்ற வேண்டும். மாலை நேரத்தில் மட்டும் வேலை செய்யும் நாலைந்து பேருக்கு அது தாங்காது.

அதனால் முதலில் வாசகர்களிடமே கேட்டோம். பெரும்பாலோர் படிப்பது ஆண்ட்ராய்டு போனில், அதுவும் விலை குறைந்த போனில். நூல் அவர்கள் கைக்கு வருவது எங்கள் தளம் வழியாக அல்ல. யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான். மற்ற எல்லா முடிவுகளையும் இந்த ஒரு விஷயம்தான் தீர்மானித்தது. பிடிஎஃப் வந்தால் தொட்டதும் திறக்கிறது. ஈபப் வந்தால், படிப்பதற்கான செயலி இல்லாத போனில் ‘இதைத் திறக்க முடியவில்லை’ என்ற அறிவிப்புதான் வருகிறது. கோப்பே கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள்.

அப்படியென்றால் பிடிஎஃப் மட்டும் போதுமே என்று அச்சகம் நடத்தி ஓய்வு பெற்ற அண்ணாச்சி சொன்னார். அவர் பேச்சில் நியாயம் இருந்தது. அச்சுக் கோத்தவன் எப்படிப் பக்கம் அமைத்தானோ அப்படியே நிற்கும் வடிவம் அது ஒன்றுதான். அடோபி நிறுவனம் 1993இல் கொண்டுவந்தது. 2008இல் பன்னாட்டுத் தர நிர்ணயமாகவும் ஆகிவிட்டது. நீண்ட காலப் பாதுகாப்புக்கென்றே பிடிஎஃப்/ஏ என்ற தனி வகை 2005 முதல் இருக்கிறது. எழுத்துருவெல்லாம் கோப்புக்குள்ளேயே இருந்தாக வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. 50 ஆண்டு கழித்துத் திறந்தாலும் அதே பக்கம் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

ஆனால் தமிழுக்கு பிடிஎஃப்பில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. பிடிஎஃப் அடிப்படையில் படம் வரைகிற மாதிரிதான் எழுத்தை வைக்கிறது: இந்த வடிவம் இந்த இடத்தில், அடுத்த வடிவம் அதற்குப் பக்கத்தில். ஒருங்குறியில் (யூனிகோட்), அதாவது இன்று கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியேற்றத்தில், ‘கொ’ என்பது முதலில் க, பிறகு ஒகரக் குறி. பக்கத்திலோ கண்ணுக்கு முதலில் தெரிவது ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை நகலெடுத்தால் பல கோப்புகளில் இந்தக் கண்பார்வை வரிசைதான் வெளியே வருகிறது. ‘கொடுத்தான்’ என்பது ‘ெகாடுத்தான்’ ஆகிவிடும். திரையில் பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். தேடினால் கிடைக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் செய்த பிடிஎஃப் இன்னும் மோசம். நகலெடுத்தால் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளும் கலந்த ஏதோ ஒன்று வரும். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் எழுத்தே கிடையாது, படம் மட்டும்தான். எழுத்துணரி ஓட்டி அடியில் எழுத்து அடுக்கு சேர்க்கலாம், ஆனால் மெய்ப்பு பார்க்காத அடுக்கில் ர, ா, ற, ன, ண எல்லாம் இடம் மாறிக் கிடக்கும்.

இது எவ்வளவு முக்கியம் என்பதைப் புரிய வைத்தவர் எங்கள் வட்டத்துக்கு வரும் பார்வையற்ற கல்லூரி மாணவர். போனின் திரைவாசிப்பான் மூலம்தான் அவர் படிக்கிறார். மேலே சொன்ன மாதிரியான ஒரு பிடிஎஃப்பை எங்கள் முன்னாலேயே ஓட விட்டார். சில சொற்களைக் குரல் தாண்டிப் போனது, சிலவற்றை உடைத்து உடைத்துச் சொன்னது. பிறகு அதே நூலின் ஈபப். கதை கதையாகவே காதில் விழுந்தது. பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல் கிடைக்கக் காப்புரிமையில் விலக்குத் தரும் 2013இன் மராகேஷ் உடன்படிக்கையை முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. அதற்கும் முன்பே, 2012இல், மாற்றுத்திறனாளிகளுக்கு அவர்கள் அணுகக்கூடிய வடிவில் நூல் கொடுக்க நம் காப்புரிமைச் சட்டத்தில் வழி செய்துவிட்டார்கள். சட்டம் கொடுத்த வழியை ஒரு கோப்பு வடிவம் அடைத்துவிடக் கூடாது என்பதில் எல்லாரும் ஒன்றானோம். ஈபப் கட்டாயம் என்று அன்றைக்கே முடிவானது.

ஈபப் கோப்பின் கடைசிப் பெயரை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே இருப்பவை சாதாரண வலைப்பக்கங்கள், எழுத்து எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் ஒரு பாணித் தாள், படங்கள், எது முதலில் எது அடுத்து என்று சொல்லும் பட்டியல். அவ்வளவுதான். 2007இல் வந்த தரம். 3ஆம் பதிப்பு 2011இல் வந்தது. 2017 முதல் வலைத் தரங்களைப் பராமரிக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. 3.3 பதிப்பு 2023இல் அதன் பரிந்துரையாகவே வெளிவந்தது. ஒரு கம்பெனி நினைத்தால் மூடிவிடக்கூடிய வடிவம் இல்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. மைக்ரோசாஃப்ட் ரீடருக்கு என்று ஒரு காலத்தில் தனி வடிவம் இருந்தது. 2012இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

அளவிலும் ஈபப்புக்குத்தான் வெற்றி. ஒருங்குறியைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் போகிறது என்றாலும், ஜிப் சுருக்கத்தில் ஒரு முழு நாவலே அரை எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. அதே நாவலின் ஸ்கேன் பிடிஎஃப் பல பத்து எம்பி வரும். தினசரி டேட்டா தீர்ந்துபோய் இரவு 12 மணிக்குக் காத்திருக்கிறவருக்கு இது பெரிய வித்தியாசம்.

மோபியை விட்டுவிட்டோம். அது மோபிபாக்கெட் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் வடிவம். 2005இல் அமேசான் அந்த நிறுவனத்தை வாங்கியது. கிண்டிலின் முதல் ஆண்டுகள் அதில்தான் ஓடின. ஆனால் 2022இல் அமேசானே, கிண்டிலுக்குக் கோப்பு அனுப்பும் தன் சேவையில் ஈபப்பை ஏற்கத் தொடங்கி, மோபிக்கு விடை கொடுக்கிறோம் என்றும் அறிவித்துவிட்டது. அதைத் தொடர எங்களுக்குக் காரணம் இல்லை. கிண்டில் வாசகர்களுக்காகத் தளத்தில் ஒரு குறிப்பு மட்டும் வைத்தோம்: ஈபப்பை மின்னஞ்சல் வழியாகவோ செயலி வழியாகவோ அனுப்புங்கள், அது கிண்டிலின் சொந்த வடிவத்துக்கு மாறிப் போய்ச் சேரும், யூஎஸ்பி கம்பி வழியாக ஈபப்பை நேரே போட்டால் திறக்காது. கம்பி வழிதான் வேண்டும் என்றால் காலிபர் மென்பொருளில் கிண்டிலின் ஏஇசட்டபிள்யூ3 வடிவமாக மாற்றிக்கொள்ளலாம். பழைய கிண்டில் வைத்திருக்கும் ஒன்றிரண்டு பேருக்கு வருத்தம்தான். அவர்களுக்கு நாங்களே மாற்றி அனுப்புகிறோம்.

இவ்வளவு பேசிய பிறகுதான் பேச்சு சரியான இடத்துக்கு வந்தது. வாசகருக்கு எதைக் கொடுப்பது என்பது ஒன்று, நாம் எதைப் பத்திரமாக வைத்துக்கொள்வது என்பது வேறொன்று. இரண்டாவதைச் சரியாகச் செய்தால் முதலாவதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வெளியிடும் மதுரைத் திட்டம் இதற்கு நல்ல சான்று. 1998 பொங்கலன்று தொடங்கியபோது ஒருங்குறி இங்கே பரவலாகவில்லை. பின்னர் தமிழுக்கென்றே இருந்த திஸ்கி என்ற பழைய குறியேற்றத்தில் நூல்களை வெளியிட்டார்கள். ஒருங்குறி வந்ததும் அவற்றை மாற்றி வெளியிட அவர்களால் முடிந்தது. கையில் இருந்தது படம் அல்ல, தட்டெழுதி மெய்ப்பு பார்த்த எழுத்து. அதனால்தான் முடிந்தது.

ஆகவே எங்களிடம் ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு மூலங்கள் இருக்கின்றன. ஒன்று, அச்சு நூலின் ஸ்கேன். இன்னொன்று, மெய்ப்பு பார்த்த ஒருங்குறி எழுத்து, தலைப்பு போன்றவற்றைச் சில எளிய குறிகளால் காட்டும் மார்க்டவுன் வடிவில். எந்தக் கணினியிலும் எந்தச் சாதாரண எழுதியிலும் திறக்கும் வெற்றுக் கோப்பு அது. பிழை திருத்துவது அதில் மட்டும். பேண்டாக் என்ற கட்டற்ற மென்பொருள் அதிலிருந்து மற்ற வடிவங்களைச் செய்து கொடுத்துவிடுகிறது.

மூலத்தைத் தயாரிக்கும்போது கவனிக்க வேண்டியவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். பார்க்க ஒன்றுதான். ஆனால் வெறுமனே குறிகளை ஒப்பிடும் தேடலுக்கு அவை வேறு வேறு சொற்கள். எல்லாக் கோப்புகளையும் என்எஃப்சி என்ற இயல்பாக்க முறையில் ஒரு முறை ஓட்டிவிட்டால் இது சரியாகிவிடும். ‘ஔ’ என்ற ஒரே எழுத்துக்குப் பதில் ‘ஒள’ என்று இரண்டு எழுத்தாக அடித்திருப்பதை அது திருத்தாது, நாமேதான் தேட வேண்டும். ‘ஔவை’ வரும் நூல்களில் கட்டாயம் பாருங்கள்.

செய்யுள் நூல்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். சின்னத் திரையில் அடி மடங்கி அடுத்த வரிக்குப் போனால், எது அடியின் தொடக்கம் எது மடங்கிய பகுதி என்று தெரியாது. ஆசிரியப்பாவில் அது பாட்டையே சிதைத்துவிடும். மார்க்டவுனில் ஒவ்வோர் அடிக்கும் முன்னால் ஒரு நெடுக்குக் கோடு போட்டால் பேண்டாக் வரிகளை ஒன்றாகச் சேர்க்காது. அப்புறம் பாணித் தாளில் மடங்கும் பகுதி மட்டும் உள்ளே தள்ளி நிற்கும்படி அமைத்தோம். உரைநடையில் இரண்டு ஓரமும் ஒட்டி நிற்கும் அமைப்பை எடுத்துவிட்டோம். நம் சொற்கள் நீளம். போன் திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் கொள்ளும், நடுவில் பெரிய பெரிய இடைவெளி விழுகிறது. இடப்பக்கம் மட்டும் ஒட்டினால் கண்ணுக்கு இதம்.

எழுத்துருவை ஈபப்புக்குள் வைப்பதா வேண்டாமா என்பதிலும் கொஞ்சம் இழுபறி. இன்றைய போன்களில் தமிழ் எழுத்துரு இருக்கிறது, தேவையில்லை. கிண்டில் போல மின்மைத் திரை (இ-இங்க்) கொண்ட கருவிகள் சிலவற்றில் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. அவற்றுக்காக, உரிமம் தடையில்லாத நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை உள்ளே வைத்தோம். ஆனாலும் உயிர்மெய்யைச் சரியாகக் கோத்துக் காட்டும் திறன் கருவியின் மென்பொருளில் இல்லையென்றால் எழுத்துரு மட்டும் காப்பாற்றாது, கொம்பு தனியே நிற்கும். அந்தக் கருவிகளுக்கு பிடிஎஃப்தான் வழி.

மொழிக் குறிப்பையும் விட்டுவிடாதீர்கள். நூலின் விவரப் பட்டியலில் மொழி தமிழ் என்று குறிக்காவிட்டால், சில செயலிகள் ஆங்கிலக் குரலை வைத்துத் தமிழைப் படிக்கப் பார்க்கும். ஒரு வரிதான், ஆனால் அந்தக் கல்லூரி மாணவரைப் போன்றவர்களுக்கு நூல் திறப்பதும் மூடுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஏற்றும் முன் ஈபப்செக் கருவியில் ஒவ்வொரு கோப்பையும் சரிபார்க்கிறோம். கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால் சில இடங்களில் சதவீதக் குறிகளாக மாறி வருகிறது. அதனால் கோப்பின் பெயர் மட்டும் ஆங்கில எழுத்தில்.

சரி, கடைசியில் என்ன கொடுக்கிறோம்? தளத்திலேயே படிக்க வலைப்பக்கம் உண்டு. ஈபப்புக்குள் இருப்பதும் அதுதான் என்பதால் கூடுதல் வேலை அதிகம் இல்லை, எந்தச் செயலியும் வேண்டாம். இறக்கிப் படிக்க ஈபப். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்காக 6 அங்குலத் திரை அளவில் ஒரு பிடிஎஃப். இந்த அளவு ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தினர் கொடுப்பதைப் பார்த்து எடுத்துக்கொண்டது. ஏ4 பக்கத்தைப் போனில் பெரிதாக்கி இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்கும் அவஸ்தை இதில் இல்லை. தேடுவதற்கும் நகலெடுப்பதற்கும் இதை நம்ப வேண்டாம் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம். ஸ்கேன் பிடிஎஃப் தனி இணைப்பில், அளவு எத்தனை எம்பி என்று குறிப்பிட்டு. வேர்ட் கோப்பு இல்லை. மூல மார்க்டவுன் கோப்பைக் கேட்கிறவர்களுக்குத் தருகிறோம்.

ஆய்வு மாணவி கேட்டது இன்னும் பாதிதான் தீர்ந்திருக்கிறது. ஈபப்பில் பக்கம் என்பது திரைக்குத் திரை மாறும். 112ஆம் பக்கம் என்று மேற்கோள் காட்ட முடியாது. ஆனால் அச்சு நூலின் பக்க எண்களை உரைக்குள் அடையாளமாக வைத்து, ஒரு பக்கப் பட்டியலும் சேர்க்க ஈபப்பில் இடம் இருக்கிறது. மெய்ப்பு பார்க்கும்போதே ஒவ்வொரு பக்கமும் எங்கே முடிகிறது என்று குறித்துக்கொண்டே போனால் போதும். இப்போது புதிதாக எடுக்கும் நூல்களில் அப்படித்தான் செய்கிறோம். பழையவற்றுக்கு ஸ்கேனைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். உரை நூல்களிலிருந்து தொடங்கியிருக்கிறோம், ஏனென்றால் மேற்கோளுக்காக அதிகம் புரட்டப்படுபவை அவைதான். அண்ணாச்சி அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டிருக்கிறார்.