நீலம் பாரித்த உடல்கள்

பிப்ரவரி 17, திங்கள்

அட்டை வந்துவிட்டது. கதைதான் வரவில்லை. சிவப்புச் சேலைக்காரி, கையில் ரிவால்வர், பின்னால் மலைப்பாதை. போன இதழிலேயே தலைப்பையும் அறிவித்தாயிற்று. இவள் யார், யாரைச் சுடப் போகிறாள் என்று இனி நான்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு ஃபாரம், 96 பக்கம். 28ஆம் தேதி வலது கண் ஆபரேஷன்.

பிப்ரவரி 18

ஆமைக்குப் பல் கிடையாதாம்.

பிப்ரவரி 19

நாலாம் வகுப்புப் பெண், பென்சிலில் எழுதியிருக்கிறாள். “மாமா, உங்க ஆமை பல்லைக் கடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்தது என்று எழுதியிருக்கீங்க. ஆமைக்குப் பல் இல்லை. அலகுதான்.” கீழே படம் வேறு. அலகுக்கு ஒரு அம்புக்குறி.

31 வருஷமாகச் சயனைடு கொடுத்து ஆள்களைக் கொல்கிறேன். அத்தனை பேரும் நீலம் பாரித்தே செத்தார்கள். அது தப்பு என்று போன வருஷம்தான் படித்தேன். சயனைடு உள்ளே போனால், ரத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜனை உடம்பால் பயன்படுத்த முடியாது. ரத்தம் சிவப்பாகவே நிற்கும். பிணத்தின் தோல் ரோஜா நிறத்தில்கூடத் தெரியும். இத்தனை வருஷத்தில் ஒரு வாசகர் கேட்டதில்லை. “சூப்பர் சார்” என்று ஒரு டாக்டரே எழுதியிருக்கிறார்.

பிப்ரவரி 21

சர்க்கரை 262. ஆபரேஷன் தள்ளிப்போய்விட்டது. தெருவிளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாக வெளிச்சம். புரூஃபில் ‘சென்றான்’ என்றிருக்கிறதா, ‘கொன்றான்’ என்றிருக்கிறதா? இந்த ஓர் எழுத்தில் என் கதையே மாறிவிடும்.

பிப்ரவரி 22

நூலகங்களுக்கு என் புத்தகம் வாங்கும் ஆணை பற்றி இன்றும் போன் இல்லை.

பிப்ரவரி 25

தூக்கமில்லை. எழுத்தாளர் தமிழ்வாணனை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் சிறுவர் பத்திரிகை, இன்னொரு பக்கம் டீ குடித்தபடி துப்பறியும் சங்கர்லால். 1977இல் அவர் போனபோது வயது 51தான். எனக்கு 63. இரண்டு கைக்கும் வேலை கொடுத்தது நானும்தான். கொலைகளில் மாடி எடுத்தேன். குழந்தைக் கதைகளில் வந்தது ஒரு பொன்னாடையும் ஐந்து இலவசப் பிரதிகளும்.

ஆனால் எது கஷ்டம் என்று கேட்டால் ஆமைதான். மர்மக் கதையில் ஓட்டை விழுந்தால் அடுத்த அத்தியாயத்தில் ஒரு துப்பாக்கிச் சத்தம் போதும். பிள்ளைகள் முந்தின பக்கத்துக்குத் திரும்பிப் போகிறார்கள். பல்லைக் கடிக்காமல் ஆமை எப்படித் துணிச்சல் காட்டும்? தலையை உள்ளே இழுத்தால் பயம் என்று ஆகிவிடும்.

“ஏனுங்க, மணி மூணாச்சு. அந்தப் புள்ளைக்கு மொதல்ல ஒரு பதில் போடுங்க” என்றாள் மனைவி.

பிப்ரவரி 26

கழுத்தை நீட்டும்! ஆமைக்கு அதைவிடப் பெரிய துணிச்சல் எது?

மார்ச் 1

சர்க்கரைக்காக உப்புமா இல்லை. வெண்டைக்காய். மறுபடி வெண்டைக்காய்.

மார்ச் 4

96 பக்கமும் கொடுத்துவிட்டேன். சிவப்புச் சேலைக்காரி கடைசிவரை சுடவே இல்லை, காபியில் கலந்துவிட்டாள். பிணம் ரோஜா நிறம். சாயங்காலம் ஆசிரியர் போன் செய்தார்.

“சார், விஷம் குடிச்சவன் ரோஸ் கலர்லயா இருப்பான்? நம்ம வாசகர் நம்பமாட்டார் சார். நீலமாவே போட்டுடறேன்.”

சரி என்றேன். ஏன் சரி என்றேன்?

மார்ச் 6

சர்க்கரை 168. ஆபரேஷனுக்கு நாளைக் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். இன்றைக்கு நாலு வேளையும் சொட்டு மருந்து. அந்தப் பெண்ணின் கடிதத்தை அகராதிக்குள் வைத்த ஞாபகம். அங்கே இல்லை.